மூடியைத் திறந்து பார்த்தீர்களா? வணிகக் கட்டடங்களின் மின் பராமரிப்பு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடை வளாகம், அலுவலகக் கட்டடம், விடுதி போன்ற இடங்களில் மின் பராமரிப்பைக் கவனிப்பவர்கள் எழுதியவை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேனல் ரூமிலேயே காலம் தள்ளியவன் நான். அதனால் சில கேள்விகளுக்குப் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாசகர் கேள்வி முதலில், அதன் கீழே என் பதில்.

ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு மேற்பார்வையாளராகச் சமீபத்தில் சேர்ந்தேன். காப்பீட்டுத் தணிக்கைக்கு வந்தவர், "மின் பராமரிப்புத் திட்டம் எங்கே?" என்று கேட்டார். மாதாந்திரச் சரிபார்ப்புத் தாள்களைக் காட்டினேன். எல்லாவற்றிலும் டிக் இருக்கிறது. "இது திட்டம் ஆகாது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். என்ன குறை?

உங்கள் தாளை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த மாதிரித் தாள்கள் எத்தனையோ என் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. 'பேனல்: சரி. கேபிள்: சரி. எர்த்: சரி.' எதைப் பார்த்து, எதை அளந்து 'சரி' என்றீர்கள் என்பதற்கு அதில் பதிலே இருக்காது. தணிக்கைக்காரர் கேட்டது அந்தப் பதிலைத்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வளாகத்தில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது மூன்றாம் மாடியிலிருந்து ஒரு புகார் வந்தது. விளக்கு ஒரு நேரம் மங்குகிறது, ஒரு நேரம் கண்ணைக் கூசுகிற மாதிரி எரிகிறது என்றார்கள். உதவியாளர் போய் இரண்டு விளக்குகளை மாற்றிவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து அதே மாடியில் ஒரு பக்கத்துக் கணினிகள் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டன. ஓடிப்போய் மெயினை நிறுத்திவிட்டு, அந்த மாடியின் விநியோகப் பெட்டியைத் திறந்தேன். குப்பென்று மீன் வாடை அடித்தது. சில வகை பிளாஸ்டிக் சூடேறும்போது அப்படித்தான் நாறும். நியூட்ரல் லிங்க்கில், உள்ளே வருகிற கேபிளின் லக் (கேபிள் முனையில் பொருத்தி போல்ட்டில் மாட்டும் உலோகத் துண்டு) வெந்து பழுப்பாகியிருந்தது. அதன் மேலிருந்த ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறை உருகி, சொட்டுச் சொட்டாக வழிந்து இறுகிப்போயிருந்தது. போல்ட் விரலால் தள்ளினாலே சுற்றியது.

நியூட்ரல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று மின்துறைக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் உள்ள இணைப்பில் நியூட்ரல்தான் ஒவ்வொரு ஃபேஸின் வோல்டேஜையும் அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. அது அறுந்தால், லோட் குறைவாக இருக்கிற ஃபேஸில் வோல்டேஜ் ஏறும். 230 வோல்ட்டுக்குச் செய்த கருவிக்கு 400-ஐ நெருங்கும் வோல்டேஜ் கூடப் போகலாம். விளக்கு மங்கியும் பளிச்சிட்டும் எரிந்தது அதன் முன்னறிவிப்பு. நாங்கள் அதை விளக்கின் கோளாறு என்று எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் அந்தப் பெட்டியின் தாளை எடுத்தேன். முந்தைய மூன்று மாதமும் 'நியூட்ரல் இணைப்பு: சரி' என்றிருந்தது. மூன்று மாத டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. கீழே என் கையெழுத்து. அதற்கு முந்தைய வருடம் அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது பெட்டி மூடியின் திருகுத் தலைகளிலும் பெயிண்ட் படிந்திருந்தது. அன்றைக்கு நான் ஸ்க்ரூடிரைவரை வைத்தபோதுதான் அந்தப் பெயிண்ட் முதல்முறையாக உதிர்ந்தது. அந்தத் திருகுகள் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. யாருக்கும் அடிபடவில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

சரி, திட்டம் என்றால் என்ன? உலகம் முழுக்க இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ 70பி. அது நெடுங்காலம் வெறும் பரிந்துரையாக இருந்தது. 2023 பதிப்பில் தரநிலையாகிவிட்டது. 'செய்வது நல்லது' என்றிருந்த இடங்களில் 'செய்ய வேண்டும்' என்று வந்துவிட்டது. உங்கள் ஊரில் அது சட்டமா என்பது அங்குள்ள அதிகாரிகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. சட்டமாக இல்லாத இடத்திலும் காப்பீட்டுக்காரர்களும் தணிக்கையாளர்களும் கேள்வி கேட்க அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்.

அது கேட்பது இவ்வளவுதான். எழுதி வைத்த திட்டம் ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் சொல்லும்படி ஒரு பொறுப்பாளர் வேண்டும். என்னென்ன உபகரணம், எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலும், மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் நடப்பு ஒற்றைக்கோட்டு வரைபடமும் வேண்டும். எதை எப்போது யார் பார்த்தார், என்ன அளவு கிடைத்தது, கோளாறு இருந்தால் எப்போது சரிசெய்யப்பட்டது என்று பதிவு இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் போகாமல் திட்டத்தையே ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது உபகரணங்களை மூன்று நிலையாகப் பிரிப்பது. முதல் நிலை புதிது போலச் சுத்தமாக, ஈரம் இல்லாமல், இறுக்கமாக, கெடு தவறாமல் பராமரிக்கப்பட்டது. முந்தைய சுற்றில் முக்கியப் பாகத்தைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டி வந்திருந்தாலோ, அளவுகள் பழைய அளவிலிருந்து விலக ஆரம்பித்தாலோ இரண்டாம் நிலை. தொடர்ந்து இரண்டு சுற்று தவறவிட்டால் மூன்றாம் நிலை. நிலை இறங்க இறங்கப் பார்க்க வேண்டிய இடைவெளி குறையும். பொருள் எப்படி இருக்கிறது என்பதோடு, அது நின்றால் எவ்வளவு பாதிப்பு, அது இருக்கும் இடம் தூசியா ஈரமா என்பதையும் சேர்த்துப் பார்த்து, மூன்றில் எது மோசமோ அதை வைத்துத்தான் கணக்கு. பார்க்காமல் விட்டதையே ஒரு குறையாக இந்த முறை எண்ணுகிறது. என் மூன்றாம் மாடிப் பெட்டியை அன்றைக்கு இப்படி வகைப்படுத்தியிருந்தால் அது மூன்றாம் நிலையில் நின்றிருக்கும், நான் அதைத் திறந்திருப்பேன்.

உங்கள் டிக் தாளைத் தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள். அதில் எண் எழுத வேண்டும்: ஆம்பியர், வெப்பநிலை, மெகா ஓம், எதுவோ அது. எண் எழுத வேண்டுமானால் ஆள் பெட்டியின் முன் போய் நின்றே ஆக வேண்டும்.

கட்டடம் இருபது வருடப் பழசு. வரைபடமே கிடையாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

வரைபடத்திலிருந்துதான். விடுமுறை நாள் ஒன்றில் இரண்டு பேர் நடந்தே வரைந்துவிடலாம். ஒருவர் பேனல் அருகில், இன்னொருவர் மாடியில் தொலைபேசியோடு. மெயினில் தொடங்கி ஒவ்வொரு பிரேக்கரும் எதற்குப் போகிறது, எத்தனை ஆம்பியர், கேபிள் அளவு என்ன என்று பென்சிலில் எழுதுங்கள். 'ஸ்பேர்' என்று ஒட்டியிருக்கும் பிரேக்கரில் லோட் ஓடுவதையும், பெயர் எழுதியது வேறு, போவது வேறு என்பதையும் கட்டாயம் காண்பீர்கள். யாரோ ஒருவர் ஒரு பிரேக்கரை நிறுத்திவிட்டு, வேறு பிரேக்கரிலிருந்து வரும் வயரில் கை வைப்பது இப்படிப்பட்ட கட்டடங்களில்தான். வரைபடம் முடிந்த பிறகு மற்றவை.

வெளி ஆட்களை வைத்து வெப்பப்படக் கேமராவில் சோதனை செய்தோம். 'அனைத்தும் இயல்பு' என்று அறிக்கை தந்தார்கள். இரண்டு மாதத்தில் ஒரு பிரேக்கரின் முனை கருகிவிட்டது. இந்தச் சோதனையால் பயன் உண்டா, இல்லையா?

உண்டு. என்.எஃப்.பி.ஏ 70பி ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுக்கச் சொல்கிறது. மூன்றாம் நிலை உபகரணத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் எப்படி எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று விஷயம் தேடுங்கள்.

படம் எடுத்தபோது அந்தச் சர்க்கியூட்டில் எத்தனை ஆம்பியர் ஓடியது? இது அறிக்கையில் இல்லையென்றால் அந்தப் படத்தால் பயன் இல்லை. லூஸ் இணைப்பில் பிறக்கும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஓர் இணைப்பில் 50 மில்லி ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 60 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 180 வாட் சூடு. சாலிடரிங் அயர்ன்கள் பலவற்றை ஒரே போல்ட்டில் வைத்தது போல. அதே இணைப்பில் 12 ஆம்பியர் மட்டும் ஓடினால் வெறும் 7 வாட்தான், கேமராவில் எளிதில் தவறிப்போகலாம். உங்கள் ஆட்கள் காலை எட்டு மணிக்கு, ஏசி எதுவும் ஓடாத நேரத்தில் வந்து எடுத்திருந்தால் எல்லாம் இயல்பாகத்தான் தெரியும். குறைந்தது 40 சதவீத லோடாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. முடிந்தவரை உச்ச லோட் நேரத்தில் எடுப்பது நல்லது.

அடுத்து, மூடி திறந்திருந்ததா? இரும்பு மூடியின் வழியாகக் கேமரா பார்க்காது, மூடியின் சூட்டைத்தான் காட்டும். திறந்த பேனல் முன்னால் நிற்பது அபாயம். அதற்கான பாதுகாப்பு உடையும் பயிற்சியும் உள்ளவர்தான் திறக்க வேண்டும். அடிக்கடி பார்க்க வேண்டிய பேனல்களில் அகச்சிவப்புக் கதிர் ஊடுருவும் ஜன்னல் பொருத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, பளபளக்கும் செம்புப் பஸ்பாரை (பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டை) நேராகப் படம் எடுத்தார்களா? பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் காட்டாமல், எதிரே இருப்பதன் சூட்டைக் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். உங்கள் உடம்புச் சூடே அதில் தெரியும். தெரிந்த ஆட்கள் ஷட்டவுன் கிடைக்கும்போதே அங்கங்கே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்து, பிறகு லோடில் அந்த டேப்பைப் பார்ப்பார்கள். இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் ஸ்லீவைப் பார்ப்பார்கள்.

கணக்குப் போடுவது எளிது. ஒரே லோட் உள்ள மூன்று ஃபேஸ் முனைகளையும் ஒப்பிடுங்கள். 1 முதல் 3 டிகிரி வரை வித்தியாசம் என்றால் கவனத்தில் வையுங்கள். 4 முதல் 15 வரை என்றால் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம், நேரம் குறித்துச் சரிசெய்யுங்கள். 15 டிகிரிக்கு மேல் என்றால் உடனே. இது சோதனைத் துறையில் வெகுநாளாகப் புழங்கும் அளவுகோல். அப்படியே நியூட்ரலையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்.இ.டி விளக்கும் கணினியும் நிறைந்த கட்டடத்தில், மூன்று ஃபேஸிலிருந்தும் வரும் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கலந்து வரும் மின்னோட்டம்) நியூட்ரலில் ஒன்றையொன்று கழிக்காமல் கூடிவிடும். ஃபேஸை விட நியூட்ரல் சூடாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தக்காரர் ஆண்டுதோறும் வந்து எல்லாப் போல்ட்டையும் 'நன்றாக டைட் செய்தோம்' என்கிறார். இது சரியான பராமரிப்பா?

டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர், கையில் இருந்ததா என்று கேளுங்கள். வெறும் ஸ்பேனரால் ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போல்ட்டின் மரை இழுபடும், கேபிளின் இழைகள் நசுங்கும். நசுங்கிய இழை பிறகு தளரும். அலுமினியக் கேபிளில் இது இன்னும் மோசம். உற்பத்தியாளர் சொன்ன நியூட்டன் மீட்டரில் ஒருமுறை இறுக்கி, போல்ட் தலையிலிருந்து அடித்தளம் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த வருடம் கோடு நேராக இருந்து, வெப்பப்படமும் நன்றாக இருந்தால் அந்தப் போல்ட்டைத் தொடாதீர்கள்.

வாடகைக் கடைக்காரர்கள் ஷட்டவுன் தர மறுக்கிறார்கள். எங்கள் வயர்மேன் அனுபவசாலி. லைனிலேயே பிரேக்கர் மாற்றிவிடுவார். கையுறை போட்டுக்கொண்டால் போதுமா?

போதாது. இதில் நான் கறாராகச் சொல்லியாக வேண்டும். உயிரோட்டமுள்ள பேனலில் ஸ்க்ரூடிரைவர் நழுவி இரண்டு ஃபேஸுக்கு நடுவில் விழுந்தால் வருவது வெறும் ஷாக் மட்டும் கிடையாது. அங்கே காற்றினூடே பாயும் மின்பொறியான ஆர்க்கின் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும் என்கிறார்கள். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். செம்பு ஆவியாகி வெடித்து முகத்தில் அடிக்கும். உங்கள் வயர்மேனின் அனுபவத்துக்கு அந்த நேரத்தில் வேலையே இல்லை, விலகுவதற்கு நேரம் கிடைக்காது. கையுறை கையை மட்டுமே காக்கும்.

ஐரோப்பியத் தரநிலை இ.என் 50110 சொல்லும் ஐந்து விதிகளை மின்துறைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே படிக்கிறார்கள். முழுவதுமாகத் துண்டி. மறுபடி யாரும் போடாதபடி பூட்டு. மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதி செய். எர்த் செய்து ஷார்ட் செய். பக்கத்தில் உயிரோடு இருக்கும் பாகங்களை மூடு. வரிசை மாறக் கூடாது. நான்காவது விதி சிறிய குறைமின்னழுத்த வேலைகள் பலவற்றில் தேவைப்படாது. மற்ற நான்கும் எப்போதும் உண்டு.

இரண்டாவது விதியில்தான் உங்கள் மாதிரிக் கட்டடங்கள் தவறவிடுகின்றன. பிரேக்கரை இறக்கிவிட்டு 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று அட்டை தொங்கவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மூன்றாம் கடையில் ஏசி நின்றதும் யாராவது வந்து பிரேக்கரை ஏற்றிவிடுவார். பூட்டுப் போடுங்கள். வேலை செய்பவர் நான்கு பேர் என்றால் நான்கு பூட்டு, சாவி அவரவர் பையில். ஜெனரேட்டர் தானாகக் கிளம்புமா, யு.பி.எஸ் எங்கிருந்தாவது திருப்பி ஊட்டுமா, கூரையில் சோலார் இருக்கிறதா என்று பார்த்து அவற்றையும் பூட்டுங்கள். வரைபடம் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவதற்கு, சட்டைப்பையில் இருக்கும் நியான் டெஸ்டரை நம்ப வேண்டாம். அது எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று அர்த்தம் ஆகாது, டெஸ்டரே கெட்டிருக்கலாம். இரண்டு கம்பியுள்ள வோல்டேஜ் டிடெக்டரை முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி தெரிந்த இடத்தில். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் தனித்தனியாக. இரண்டு நிமிட வேலைதான். கெப்பாசிட்டர் பேனலில் இன்னும் பொறுமை வேண்டும். நிறுத்தி மூன்று நிமிடத்துக்குள் 75 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி) விதி, ஆனால் இறக்கும் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் அது இறங்காது. காத்திருந்துவிட்டு அளந்தே தொடுங்கள்.

ஷட்டவுன் தர மறுக்கிறார்கள் என்கிறீர்களே, அவர்களிடம் என்ன கேட்டீர்கள்? 'கொஞ்ச நேரம் கரண்ட் நிறுத்தணும்' என்று அன்று காலை போய்க் கேட்டால் யாரும் மறுப்பார்கள். வருடத் தொடக்கத்திலேயே தேதி குறித்து, எந்தக் கடைக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுத்தில் கொடுங்கள். வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடச் சொல்லுங்கள். அப்படிச் செய்த இடங்களில் எனக்கு எதிர்ப்பு வந்ததே இல்லை.

ஒரு கடையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வாரம் இரண்டு முறை டிரிப் ஆகிறது. டெஸ்ட் பட்டன் நன்றாக வேலை செய்கிறது. 'இதை எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள்' என்கிறார் கடைக்காரர்.

எடுக்கவே கூடாது. சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த பொருளைக் கைவிட முடியாமல் தசை இறுகிப்போகலாம். அந்தக் கடையில் வேலை செய்பவருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்பது அந்தச் சின்னக் கருவிதான்.

30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அது 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் டிரிப் ஆகலாம், அப்படித்தான் அதன் விதி. கணினி, பில்லிங் கருவி, எல்.இ.டி டிரைவர் ஒவ்வொன்றும் தன் ஃபில்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும். ஒன்றுக்கு ஒரு மில்லி ஆம்பியர் என்றாலும், பதினைந்து கருவி ஒரே ஆர்.சி.சி.பி-யின் கீழே இருந்தால் அது விளிம்பிலேயே நிற்கிறது. கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். 10-ஐத் தாண்டினால் சர்க்கியூட்டைப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி ஆக்குங்கள். கசிவு குறைவாக இருந்தும் டிரிப் ஆகிறதென்றால் ஈரம் பட்ட வயரோ, பழுதான ஒரு கருவியோ அங்கே ஒளிந்திருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுங்கள்.

டெஸ்ட் பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது உள்ளே இருக்கும் பொறி நகர்கிறதா என்று மட்டும் சொல்லும். எர்த் வயர் இருக்கிறதா, எவ்வளவு வேகத்தில் டிரிப் ஆகிறது என்று சொல்லாது. அதற்குச் சோதனைக் கருவி வேண்டும். 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி விநாடிக்குள், ஐந்து மடங்கு மின்னோட்டத்தில் 40 மில்லி விநாடிக்குள் டிரிப் ஆக வேண்டும். கிடைத்த எண்ணை எழுதி வையுங்கள்.

ஏசி மோட்டாரின் கேபிளை மெகர் செய்தோம் (இன்சுலேஷன் தடையை அளந்தோம்). போன வருடம் 200 மெகா ஓம், இப்போது 20. தரநிலை 1 மெகா ஓம் என்றுதானே சொல்கிறது? தேறிவிட்டது என்று எழுதலாமா?

தேறியது என்று எழுதுங்கள். அதன் கீழேயே 'பத்தில் ஒன்றாகக் குறைந்தது' என்றும் எழுதுங்கள். ஐ.இ.சி 60364-6 சொல்லும் 1 மெகா ஓம், 500 வோல்ட் டி.சி-யில் சோதிக்கும்போது எந்தச் சர்க்கியூட்டும் கீழே போகக் கூடாத எல்லை. உங்கள் கேபிள் எல்லைக்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் ஒரே வருடத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது பாருங்கள்!

பதறுவதற்கு முன் ஒன்று சரிபாருங்கள். இரண்டு சோதனையும் ஒரே மாதிரிச் சூழலில் நடந்தனவா? வெப்பநிலை 10 டிகிரி கூடினாலே இன்சுலேஷன் தடை ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய கணக்கு. மழைக்காலத்து ஈரம் இன்னும் இறக்கும். அதனால்தான் மெகர் அளவுக்குப் பக்கத்தில் அன்றைய வெப்பநிலையும் ஈரப்பதமும் எழுத வேண்டும் என்கிறேன். இவை ஒத்துப்போயும் 20 என்றால் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கேபிளைத் தனியாக, மோட்டாரைத் தனியாக அளங்கள். எது இறங்கியது என்று தெரிந்துவிடும். மூன்று மாதத்தில் மறுபடி அளந்து, இன்னும் இறங்கினால் மாற்றத் திட்டமிடுங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சர்ஜ் பாதுகாப்பு போன்ற மின்னணுப் பொருள்களைச் சோதனைக்கு முன் பிரித்துவிட மறக்க வேண்டாம். 500 வோல்ட்டில் அவை போய்விடும்.

பேனல் ரூமில் இடம் இருக்கிறது. காகிதப் பெட்டிகளை அடுக்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். பேனலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு மீட்டர் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தரையில் மஞ்சள் கோடு போட்டுவிடுங்கள். தீப்பிடிக்கும் பொருள் எதுவும் அந்த அறைக்குள்ளேயே கூடாது.

ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுகிறோம், லோட் இல்லாமல். போதுமா?

போதாது, கெடுதலும் கூட. லோட் இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் சரியாகச் சூடேறாது. எரியாத எண்ணெய் சைலன்ஸரில் கறுப்பாகக் கசியும். மாதம் ஒருமுறை 30 நிமிடம், பெயர்ப்பலகைத் திறனில் குறைந்தது 30 சதவீத லோடில் ஓட்டுங்கள் என்கிறது என்.எஃப்.பி.ஏ 110. அன்றைக்கே அவசர விளக்குகளையும் பார்த்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவற்றை முழு நேரத்துக்கும் பேட்டரியில் எரியவிட வேண்டும். ஒரு நொடி பட்டனை அழுத்தினால் வயதான பேட்டரியும் பளிச்சென்றுதான் எரியும்.

ஐயா, நான் உதவியாளராக இருக்கிறேன். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் 'எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கொடு' என்கிறார். பாதிப் பெட்டிகளைத் திறக்கவே நேரம் தருவதில்லை. மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு அந்த மூன்றாம் மாடித் தாளில் டிக் போட்ட பையன் நினைவுக்கு வந்தான். அவனுக்கும் நான் நேரம் கொடுத்திருக்கவில்லை. தவறு அவனுடையதைவிட என்னுடையது.

சண்டை போட வேண்டாம். திறந்து பார்த்த பெட்டிகளுக்கு டிக் போட்டு, எண்ணையும் எழுதுங்கள். பார்க்காதவற்றுக்கு எதிரே 'பார்க்கவில்லை, ஷட்டவுன் கிடைக்கவில்லை' என்றோ 'பார்க்கவில்லை, நேரம் இல்லை' என்றோ தேதியோடு எழுதிவிடுங்கள். அது யார்மீதும் குற்றச்சாட்டு இல்லை, நடந்ததுதான். சூப்பர்வைசர் கேட்டால், "சார், இதைக் காட்டித்தான் ஷட்டவுன் கேட்க முடியும்" என்று சொல்லுங்கள். அவருக்கும் மேலிடத்தில் நேரம் கேட்க அந்தத் தாள் உதவும். அதே பெட்டிக்கு அடுத்தடுத்த சுற்றிலும் 'பார்க்கவில்லை' என்று விழுந்தால் அது மூன்றாம் நிலைக்கு இறங்கிவிடும், அதற்கு மேல் தள்ளிப்போட அவராலும் முடியாது.

திறக்கும் நாள் வரும்போது, திருகைச் சுற்றுவதற்கு முன் மூடிக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.